பல்லைத் தட்டிடுவேன்னு சொன்னா ஏழு வருஷமா?

எங்க பக்கத்துல பேச்சு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். "பல்லைத் தட்டி கையில குடுத்துடுவேன்" என்று பிள்ளையை மிரட்டாத அப்பன் கிடையாது. பள்ளிக்கூடம் போகாம குளத்துல ஆட்டம் போடுற பேரனைப் பார்த்து "காலை ஒடிச்சு அடுப்புல வச்சிடுவேன்" என்று பாட்டி சொல்லும். சொன்ன வாயோடயே "வாடா, பழைய சோறு இருக்கு, தின்னுட்டுப் போ" என்றும் சொல்லும். வரப்புத் தகராறுல "வெட்டிடுவேன்" என்று மண்வெட்டியைத் தூக்கினவங்க, அடுத்த மாசம் ஒருத்தர் வீட்டுக் காதுகுத்துக்கு இன்னொருத்தர் மொய் எழுதுவாங்க.

இதே வார்த்தையை ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி ஆபீஸ்லயோ, பேங்க் கவுண்ட்டர்லயோ, மோட்டார் வாங்கின கடையிலயோ சொல்லிப் பாருங்க. அங்க அது பேச்சு இல்ல, குற்றம். நகரத்துல இருக்கிற நீங்க இந்த மாதிரி விஷயத்தைப் பேப்பர்ல நாலு வரிச் செய்தியாப் படிச்சிருப்பீங்க. இன்ன ஊர்ல கடன் நிறுவன ஊழியருக்குக் கொலை மிரட்டல், விவசாயி மேல வழக்கு. அவ்ளோதான் இருக்கும். அவர் ஏன் போனார், என்ன கேட்டார், என்ன பதில் வந்துச்சு என்பதெல்லாம் அந்த நாலு வரிக்குள்ள இருக்காது. அதனால இதைப் பத்தி எனக்குத் தோணுறதைக் கொஞ்சம் விரிவா எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல என் கருத்தைச் சொல்லிடறேன். கம்பெனி மேல எவ்ளோ கோபம் இருந்தாலும் சரி, ஒரு மனுஷனை அடிப்பேன், கொளுத்துவேன்னு நிஜமாவே பயமுறுத்தினா தண்டனை வேணும். இதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. நான் விவசாயிங்கறதால விவசாயி பக்கம் மட்டும்தான் பேசுவேன்னு நினைச்சுடாதீங்க. ஆனா எது நிஜ மிரட்டல், எது வயிறெரிஞ்சு கத்துறது என்று பிரிச்சுப் பார்க்காம தண்டிச்சா அது நியாயம் இல்ல. இப்போ நடக்கிறதைப் பார்த்தா, பிடிக்க வேண்டியது தப்பிச்சுப் போகுது, விட வேண்டியது மாட்டிக்குது.

ஏன் தண்டனை வேணும்? கம்பெனிக்குக் கழுத்து கிடையாது. "உன் கம்பெனியை ஒழிச்சிடுவேன்" என்று நாம கத்தினா கம்பெனி நடுங்காது. அதோட முதலாளி மும்பையில ஏ.சி. ரூம்ல இருப்பார். நம்ம பேரே அவருக்குத் தெரியாது. நடுங்குறது யாருன்னா, அந்த மேஜைக்குப் பின்னால மாசம் பத்தோ பதினஞ்சோ ஆயிரத்துக்கு உட்கார்ந்திருக்கிற நம்ம பக்கத்து ஊர்ப் பிள்ளை.

பயிர் இன்சூரன்ஸை எடுத்துக்கோங்க. சம்பா நெல்லுக்கு விவசாயி பங்கு பிரீமியம், காப்பீட்டுத் தொகையில நூத்துக்கு ஒன்றரை ரூபாய். மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டும். அடங்கல், சிட்டா, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாத்தையும் எடுத்துட்டு நாங்க போற இடம் இ-சேவை மையம். அங்க இருக்கிற பிள்ளை கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு ரசீது குடுக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க முகத்தை நாங்க பார்த்ததே இல்ல. எங்களைப் பொறுத்த வரைக்கும் அந்தப் பிள்ளைதான் இன்சூரன்ஸ் கம்பெனி.

இழப்பீடு எப்படி முடிவாகுதுன்னு பலருக்குத் தெரியாது. மகசூல் இழப்புக்கு உங்க வயல்ல எவ்ளோ அழிஞ்சதுன்னு தனியாப் பார்க்க மாட்டாங்க. ஒரு வருவாய்க் கிராமத்துல சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, அறுத்து, எடை போட்டு, சராசரி எடுப்பாங்க. அந்தச் சராசரி, ஏற்கெனவே வச்சிருக்கிற உத்தரவாத மகசூலை விடக் குறைஞ்சா, குறைஞ்ச அளவுக்கு ஏத்த மாதிரி ஊருக்கே பணம். குறையலைன்னா யாருக்கும் இல்ல. அதனால பள்ளத்துல இருக்கிற வயல் மொத்தமா அழுகிப் போயிருக்கும், மேட்டு வயல் நல்லா விளைஞ்சிருக்கும், சராசரியில பள்ளத்துக்காரன் அடிபட்டுப் போவான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிராமத்துக்குப் பணம் வரும், இந்தப் பக்கம் வராது. இதை யாரும் உட்கார வச்சு விளக்கிச் சொல்றது இல்ல.

அப்படி ஒரு வருஷம் எங்க பக்கத்து ஊருக்கு வந்துச்சு, எங்களுக்கு வரல. எங்க இ-சேவை மையத்துப் பொண்ணுகிட்ட ஒருத்தர் வந்து, "நீதான் பணத்தை அமுக்கிட்ட" என்று சத்தம் போட்டார். அது கூடப் பரவாயில்ல. கோபத்துல நாலு பேர் அப்படித்தான் பேசினாங்க, பேசிட்டுப் போயிட்டாங்க. இவர் மட்டும் அன்னிக்கு சாயங்காலம் கடை மூடுற நேரத்துக்கு எதிர்ல வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்திட்டு உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். மூணாம் நாளும் வந்தார். கத்தல, திட்டல. "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவ? தனியாத்தான போற?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பொண்ணு நாலு நாள் கடையைத் திறக்கல. அப்புறம் திறந்தப்போ அவங்க அம்மா கூடவே வந்து முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாங்க.

போலீஸ்ல சொல்லும்மான்னு நாங்க சொன்னோம். "வேண்டாம் பெரியப்பா, நாளைக்கும் இதே ஊர்லதான இருக்கணும்" என்று சொல்லிடுச்சு. ஊர்ப் பெரியவங்க நாலு பேர் போய் அந்த ஆளைக் கண்டிச்ச பிறகுதான் நின்னுச்சு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்னி வரைக்கும் இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது. அவங்களுக்காகத் திட்டு வாங்கின பிள்ளைக்கு அவங்க ஒரு வார்த்தை கேட்கல. இதைத்தான் நான் நிஜ மிரட்டல்னு சொல்றேன். இதுக்குத்தான் சட்டம் வேணும்.

சட்டம் இல்லாம இல்ல. ரொம்ப நாளாவே இருக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 503, 506. கிராமத்துல எல்லாருக்கும் "ஐநூத்தி ஆறு பார்ட் டூ" நல்லாத் தெரியும், ரேஷன் கார்டு நம்பர் மாதிரி. 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு அது 351-வது பிரிவு. சாதாரண மிரட்டலுக்கு 2 வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும். கொல்லுவேன், கொடுங்காயம் பண்ணுவேன், தீ வச்சு சொத்தை அழிப்பேன்னு மிரட்டினா 7 வருஷம் வரை. பேரைச் சொல்லாம மொட்டைக் கடுதாசி, மறைஞ்ச போன் நம்பர்னு மிரட்டினா, அதுக்குத் தனியா இன்னும் 2 வருஷம் வரை சேரும். சட்டத்துல "நபர்" என்ற சொல்லுக்குள்ள கம்பெனியும் அடக்கம். அதனால கம்பெனிக்குன்னு புதுசா ஒரு சட்டம் போடணும்னு யாராவது கேட்டா, அவசியமே இல்லைன்னுதான் சொல்லுவேன். இருக்கிறதே போதும்.

இதுல ஒரு விஷயத்தை கவனிக்கணும். கொடுங்காயம் எதுன்னு சட்டம் ஒரு பட்டியல் வச்சிருக்கு. எலும்பு முறியறது அதுல இருக்கு, பல் உடையறதும் இருக்கு, கண் பார்வை போறதும் இருக்கு. அப்போ பாருங்க, "பல்லைத் தட்டிடுவேன்", "காலை ஒடிச்சிடுவேன்", "கண்ணை நோண்டிடுவேன்", "ஆபீஸைக் கொளுத்திடுவேன்" எல்லாமே அப்படியே அந்த ஏழு வருஷக் கூடைக்குள்ள போய் விழுது! எங்க பாட்டிமார் எல்லாரையும் உள்ள தள்ளணும்.

சட்டம் எழுதினவங்களுக்கு இது தெரியாம இல்ல. அதனாலதான் "பீதியை உண்டாக்கும் எண்ணத்தோடு" அல்லது அவர் செய்யக் கடமைப்படாததைச் செய்ய வைக்கும் எண்ணத்தோடு மிரட்டியிருக்கணும்னு அந்தப் பிரிவுலயே போட்டிருக்கு. வார்த்தை மட்டும் போதாது, உள்நோக்கம் வேணும். சொன்னவர் நிஜமா அதை நினைக்காம, கேட்டவரும் நிஜமா பயப்படாம, வெறும் வாய் வார்த்தையா இருந்தா அது இந்தக் குற்றம் ஆகாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் பல வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கு. 2015-ல உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போச்சு. பெங்களூர் டிராபிக் போலீஸோட ஃபேஸ்புக் பக்கத்துல, ஒரு அதிகாரி தங்களை மோசமா நடத்தினார்னு கோபமா எழுதின ஒரு தம்பதி மேல மிரட்டல் பிரிவுல வழக்கு போட்டிருந்தாங்க. பயமுறுத்தும் எண்ணம் இல்லாத வெறும் வார்த்தை இந்தப் பிரிவுக்குள்ள வராதுன்னு சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த வழக்கையே ரத்து பண்ணிடுச்சு. புகார் சொல்றது வேற, மிரட்டுறது வேற என்பது நம்ம நாட்டுல தெளிவாவே இருக்கு.

ஆனா இந்தத் தெளிவு இருக்கிறது டெல்லியிலயும் சென்னையிலயும். எங்க ஊர் ஸ்டேஷன் வரைக்கும் அது வந்து சேர்றதுக்குள்ள பாதி ஆவியாகிப் போயிடுது.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், டிராக்டர் வச்சிருந்தார். சொந்த நிலம் கொஞ்சம், மிச்ச நாளெல்லாம் வாடகை உழவு. ஒரு ஃபைனான்ஸ்ல கடன். ரெண்டு டியூ பாக்கி. வசூல் ஆளுங்க ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, அவர் இல்லாத நேரத்துல அவர் சம்சாரத்துகிட்ட வாய்க்கு வந்தபடி பேசியிருக்காங்க. அதோட நிக்கல. பொண்ணுக்குப் பேசி முடிச்சிருந்த சம்பந்தி வீட்டு நம்பரை எங்கேயோ பிடிச்சு, "உங்க சம்பந்தி கடன்காரன், தெரியுமா" என்று அங்கேயும் போன் போட்டுட்டாங்க. மறுநாள் காலையில இவர் நேரா அந்த ஆபீஸுக்குப் போனார். மேனேஜர் இல்ல. "யார்டா என் சம்பந்திக்குப் போன் பண்ணது, அவன் கையை ஒடிக்காம விடமாட்டேன், ஆபீஸைக் கொளுத்திடுவேன்" என்று கத்தியிருக்கார். கையில ஒண்ணும் இல்ல. பத்து நிமிஷம் கத்திட்டு, வாசல்ல உட்கார்ந்து அழுதுட்டு, டீக்கடைக்காரர் தண்ணி குடுத்து பஸ் ஏத்தி விட்டிருக்கார்.

சாயங்காலம் போலீஸ் வந்துச்சு. கம்பெனி வக்கீல் எழுதிக் குடுத்த புகார், வரிக்கு வரி சட்டத்தோட வாசகம். மிரட்டல் பிரிவோட, ஆபாசமாத் திட்டினார்னு இன்னொரு பிரிவும் சேர்த்து எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு. இவரும் வசூல் ஆளுங்க மேல ஒரு மனு குடுத்தார். அதுக்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைச்சுது. அந்த ரசீதை இன்னும் மடிச்சு சட்டைப் பையிலயே வச்சிருக்கார்.

கடைசியில இவருக்கு தண்டனை கிடைக்குமான்னா, கிடைக்காதுன்னுதான் நான் நம்புறேன். ஆனா வழக்கே ஒரு தண்டனைதான். வாய்தாவுக்கு ஒரு நாள் போனா அன்னிக்கு வேலை போச்சு. வக்கீலுக்கு ஒரு தொகை, பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்கு. சாட்சி வரல, ஜட்ஜ் லீவுன்னு தள்ளிக்கிட்டே போகும். டிராக்டரை ஏற்கெனவே தூக்கிட்டுப் போயிட்டாங்க. சரி, வெளிநாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போய் கடனை அடைச்சிடலாம்னு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனார். வழக்கு நிலுவையில இருக்கு, கோர்ட் அனுமதி வாங்கிட்டு வாங்கன்னுட்டாங்க. கடன் குடுத்தவன் போட்ட கேஸே கடனை அடைக்க விடாம நிறுத்தி வச்சிருக்கு. இதுல கம்பெனிக்கு என்ன லாபம்னு எனக்கு இன்னும் புரியல.

இப்போ இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. இ-சேவை மையத்து வாசல்ல மூணு நாள் உட்கார்ந்த ஆள் மேல ஒரு காகிதம் கூட இல்ல. பத்து நிமிஷம் கத்திட்டு அழுத ஆள் மேல கேஸ் ஓடுது. ஏன்னா அந்தப் பொண்ணுகிட்ட வக்கீல் இல்ல, ஃபைனான்ஸ்கிட்ட இருக்கார். ஊழியர்களைக் காப்பாத்தத்தான் கேஸ் போடறோம்னு கம்பெனிங்க சொல்றதை நான் எப்படி நம்புறது?

மிரட்டல்னா அது வாடிக்கையாளர்கிட்ட இருந்து மட்டும் வருதா? கடன் வாங்கினவங்களை வசூலுக்காகக் காலையில 8 மணிக்கு முன்னாலயும் ராத்திரி 7 மணிக்குப் பின்னாலயும் போன் பண்ணக்கூடாது, குடும்பத்தாரையும் தெரிஞ்சவங்களையும் தொந்தரவு பண்ணி அவமானப்படுத்தக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட்லயே உத்தரவு போட்டிருக்கு. ஆள் பலத்தை வச்சு வண்டியைப் பிடுங்கக்கூடாது, சட்டப்படிதான் போகணும்னு 2007-ல உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய வங்கிக்கே சொல்லிடுச்சு. அதுக்குப் பிறகும் 2016 மார்ச்ல எங்க தஞ்சாவூர் மாவட்டத்துல என்ன நடந்துச்சு? டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியை போலீஸே வயல்ல வச்சு அடிச்ச வீடியோவை ஊர் உலகமே பார்த்துச்சு. கடன் பாக்கி சிவில் விஷயம். அதுல போலீஸுக்கு என்ன வேலைன்னு அன்னிக்கு எல்லாரும் கேட்டாங்க. அந்தக் கேள்வி இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு. கந்துவட்டிக்கு எதிரா 2003-ல ஒரு சட்டம் வந்துச்சு. மிரட்டி வசூல் பண்றதைத் தடுக்க 2025-ல தமிழக அரசு இன்னொரு சட்டம் கொண்டு வந்துச்சு, 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்னு. நல்ல விஷயம்தான். சட்டம் ரெண்டு பக்கமும் இருக்கு. ஸ்டேஷன்ல எடை போடுறப்போதான் தராசு ஒரு பக்கமா சாயுது.

இது நம்ம ஊர்ல மட்டும் உள்ள பிரச்சினைன்னும் நினைக்காதீங்க. அமெரிக்காவுல யுனைடெட் ஹெல்த்கேர் என்ற மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனியோட தலைவரை 2024 டிசம்பர் 4-ம் தேதி நியூயார்க் தெருவுல ஒருத்தன் சுட்டுக் கொன்னான். தோட்டா உறைகள்ல இன்சூரன்ஸ்காரங்க பணம் குடுக்காம இழுத்தடிக்கிறதைக் குத்திக்காட்டுற மாதிரி, தாமதம், மறுப்பு என்ற அர்த்தம் வர்ற வார்த்தைகளை எழுதி வச்சிருந்தான். அடுத்த வாரமே ஃப்ளோரிடாவுல ஒரு பெண், தன்னோட இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்ததைப் பத்தி போன்ல பேசிட்டு, முடிக்கிறப்போ அதே வார்த்தைகளைச் சொல்லி, அடுத்தது நீங்கதான் என்ற மாதிரி ஒரு வார்த்தையைச் சேர்த்துட்டார். அவ்ளோதான். கூட்டத்தைச் சுடுறதா, பயங்கரவாதச் செயல் பண்றதா மிரட்டினார்னு வழக்கு. 15 வருஷம் வரை சிறை கிடைக்கக் கூடிய பிரிவு. ஜாமீன் தொகை ஒரு லட்சம் டாலர். அவர்கிட்ட துப்பாக்கியே இல்ல.

அந்தக் கொலை பெரிய பாவம். செத்தவர் ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். அதுக்குக் கை தட்டினவங்களையும் எனக்குப் பிடிக்கல. அந்த வாரத்துல அந்தப் போனை எடுத்த ஊழியர் பயந்திருப்பார்னும் எனக்குப் புரியுது. போலீஸ் ஒரு தடவை வீட்டுக்குப் போய் விசாரிச்சதுல தப்பே இல்ல. ஆனா விசாரிச்சு, ஆயுதமும் இல்ல, ஏற்பாடும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகும் பயங்கரவாதக் கணக்குல எழுதினா, அது அந்தப் பெண்ணுக்கான தண்டனையாத் தெரியல. கொலைகாரன் மேல இருந்த பயத்தை ஒரு நோயாளி வாடிக்கையாளர் மேல இறக்கி வச்ச மாதிரி இருக்கு.

அப்போ எப்படித்தான் பிரிக்கிறது? நான் பத்தாம் வகுப்பு படிச்சவன், சட்டம் படிச்சவன் இல்ல. ஆனா மாட்டுச் சந்தையில முட்டுற மாடு எது, தலையை மட்டும் ஆட்டுற மாடு எதுன்னு பார்க்கத் தெரியும். ஒரு தடவை ஆட்டினதை வச்சு முடிவு பண்ண மாட்டோம். கால் வைக்கிறதைப் பார்ப்போம், கண்ணைப் பார்ப்போம், திரும்பத் திரும்ப வருதான்னு பார்ப்போம். அந்த மாதிரி கேட்க வேண்டிய கேள்விங்க இருக்கு. குறிப்பா ஒரு ஆளைக் காட்டி மிரட்டினாரா, இல்ல பொதுவாக் கம்பெனியைத் திட்டினாரா? ஒரே தடவையா, திரும்பத் திரும்பவா? வீடு, வழி, நேரம் விசாரிச்சாரா? கையில எதையாவது எடுத்துட்டு வந்தாரா? மறுநாள் கோபம் தணிஞ்ச பிறகும் அதே பேச்சுதானா? தனக்கு வர வேண்டியதைக் கேட்டாரா, இல்ல தனக்கு உரிமை இல்லாததைப் பிடுங்கப் பார்த்தாரா? கடைசிக் கேள்வி முக்கியம். பாக்கிப் பணத்தைக் கேட்டுக் கத்துறவனும், மாமூல் கேட்டு மிரட்டுறவனும் ஒரே வார்த்தையைச் சொல்லலாம். ஆனா ரெண்டு பேரும் ஒண்ணு இல்ல.

இந்தக் கேள்விக்கெல்லாம் "ஆமா"ன்னு வந்தா, விவசாயியா இருந்தாலும் சரி, வேற யாரா இருந்தாலும் சரி, கேஸ் போடுங்க. நான் ஜாமீன் கையெழுத்துக்குக் கூட வரமாட்டேன். "இல்ல"ன்னு வந்தா கூப்பிட்டுக் கண்டிச்சு அனுப்புங்க. அமைதியா இருப்பேன்னு எழுதி வாங்குறதுக்குப் பழைய 107 இருக்கு, இப்போ புதுச் சட்டத்துல 126. அது ஜெயில் இல்ல, எச்சரிக்கை. பாதிக்கு மேல அதுலயே அடங்கிடும்.

இன்னொண்ணும் சேர்க்கணும்னு எனக்கு ஆசை. ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளர் மேல மிரட்டல் புகார் குடுக்குதுன்னா, அந்த ஆள் அதுக்கு முன்னால அந்தக் கம்பெனிக்கு எத்தனை தடவை புகார் சொன்னார், எத்தனை போன் பண்ணார், கம்பெனி என்ன பதில் குடுத்துச்சு, இதெல்லாத்தையும் அந்தப் புகாரோடவே இணைச்சுக் குடுக்கணும்னு ஒரு விதி வேணும். அவங்ககிட்ட எல்லாம் பதிவாத்தான் இருக்கு. "இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்றாங்கல்ல? அந்தப் பதிவு நம்மளைப் பிடிக்க மட்டும்தானா? எட்டு தடவை கேட்டு எட்டு தடவையும் பதில் இல்லைன்னு அந்தக் காகிதத்துல இருந்தா, ஒன்பதாவது தடவை ஏன் கத்தினார்னு இன்ஸ்பெக்டருக்கும் புரியும், ஜட்ஜுக்கும் புரியும். மிரட்டினது நியாயம்னு ஆகாது. ஆனா முழுக் கதையும் முன்னால இருக்கும்.

ஏன்னா கோபம் வெறும் நஷ்டத்துல வர்றது இல்ல. எங்களுக்கு நஷ்டம் புதுசா? மழை ஏமாத்தும், பன்றி புகுந்து கலைக்கும், விலை விழும். யாரைப் போய் வெட்டுவோம்? துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு அடுத்த பட்டத்துக்கு நாத்து விடுவோம். பதில் சொல்ல ஆள் இருந்தும் பதில் வராதப்போதான் கோபம் வருது. தமிழுக்கு ஒண்ணை அழுத்து, கடனுக்கு ரெண்டை அழுத்துன்னு சொல்லிட்டு, பாட்டைப் போட்டுட்டு, இருபது நிமிஷம் கழிச்சு லைன் கட் ஆகும்போது வருது. கடைசியில ஆபீஸுக்கே போனா, அங்க இருக்கிற பிள்ளைக்கு முடிவு எடுக்கிற அதிகாரம் எதுவும் கிடையாது, "மேல சொல்லியிருக்கேன் சார்" என்று சொல்ல மட்டும்தான் அதிகாரம். அந்த மேல எங்க இருக்குன்னு அதுக்கும் தெரியாது. அதிகாரம் இல்லாத ஆளைக் கோபக்காரங்க முன்னால உட்கார வச்சுட்டு, அடி விழுந்தா கேஸ் போடறோம்னு சொல்றது, அந்தப் பிள்ளையைக் காப்பாத்துறதா? சின்னப் பையனைக் காவலுக்கு நிறுத்திட்டு யானை வந்தா பட்டாசு போடுன்னு சொல்ற மாதிரி இருக்கு.

எங்க ஆளுங்களுக்கும் நான் சொல்றது உண்டு. கத்துறதால கேஸ்தான் வரும், காசு வராது. எழுதுங்க. ஒரு புகாரை எழுதிக் குடுத்து, நகல்ல சீல் வாங்குங்க. பேங்கோ பெரிய ஃபைனான்ஸோ 30 நாள் பதில் சொல்லலைன்னா ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், காசு கிடையாது, விவரம் கேட்க 14448. வாங்கின பொருள், சேவைன்னா நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நீங்க குடுத்த விலை 5 லட்சம் வரைன்னா மனுவுக்குக் கட்டணமே இல்ல. பயிர் இன்சூரன்ஸுக்கு 14447. விதை முளைக்கலைன்னா விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம்னு 2012-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. இதெல்லாம் உடனே பலிக்கும்னு சொல்ல மாட்டேன், நாள் ஆகும். ஆனா எழுதின காகிதம் நமக்காகப் பேசும். கத்தின வார்த்தை நமக்கு எதிரா பேசும்.

நகரத்துல இருக்கிற உங்ககிட்டயும் ஒண்ணு கேட்டுக்கிறேன். எங்களுக்குக் கிடைக்கிற அதே பாட்டுதான் உங்களுக்கும் அந்தப் போன்ல கேட்குது. சாப்பாடு லேட்டானா வண்டியில வந்த பையனைத் திட்டுறதும், நெட் வரலைன்னா லைன்ல இருக்கிற பொண்ணைத் திட்டுறதும் அங்கேயும் நடக்குது. உங்கள்ல சில பேர் அந்த லைனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து திட்டு வாங்குறவங்களா இருப்பீங்க. கொஞ்ச பேர், அந்தப் "மேல" என்ற இடத்துலயே இருப்பீங்க. அப்படி இருக்கிறவங்களுக்குத்தான் இதை முக்கியமா எழுதினேன். உங்க கிளைகள்ல ஒரு ஆளுக்காவது "சரி, உங்க பிரச்சினையை நான் முடிச்சுத் தர்றேன்" என்று சொல்ற அதிகாரத்தைக் குடுங்க. உங்க பேருக்காகத் திட்டு வாங்குற பிள்ளைங்க யார் யார்னு ஒரு தடவை கணக்கெடுங்க, இ-சேவை மையத்துல இருக்கிறவங்களையும் சேர்த்து. அவங்களை யாராவது நிஜமா மிரட்டினா உங்க வக்கீலை அவங்களுக்கு அனுப்புங்க. வாசல்ல உட்கார்ந்து அழுதவன் மேல அனுப்பாதீங்க.